தொப்பூர் இறக்கத்தில் டிரம்மும் டிஸ்க்கும்

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் தொப்பூர் இறக்கம் தொடங்கிவிட்டதைக் கண்ணுக்கு முன் மூக்கு சொல்லிவிடும். ரப்பரும் இரும்பும் சேர்ந்து தீய்ந்தது போல ஒரு நெடி. முன்னால் போகும் லாரியின் பிரேக் லைனிங் கருகும் வாசனை அது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலை எனக்கு அந்த நெடி அடித்தபோது முன்னால் லாரி எதுவும் இல்லை. நெடி வந்தது என் காரிலிருந்து.

வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை. டாப் கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். வேகம் ஏறும்போதெல்லாம் பிரேக்கில் கால், இறங்கியதும் எடுப்பேன், மறுபடி வைப்பேன். கட்டமேட்டுப் பக்கம் வந்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை, கொஞ்சம் யோசித்தது. அவ்வளவுதான். விட்டு விட்டு மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, மேட்டூர் சாலை பிரியும் இடத்துக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

மறுநாள் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள்: பின்னாடி இருக்கிற டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டு. என் கார், நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களைப் போல, முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம் உள்ளது. பழையது தோற்றுவிட்டது, புதியதை மாட்டினால் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். மாட்டுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

இரண்டுக்கும் ஒரே வயது

டிரம் பழசு, டிஸ்க் புதுசு என்பது பாதிதான் உண்மை. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை நாம் இன்று அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்ததும், இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றதும் ஒரே ஆண்டில், 1902-ல். ரெனோவின் பிள்ளை உடனே வேலைக்குப் போனது. லான்செஸ்டரின் பிள்ளை செப்புப் பட்டைகள் தட்டில் உரசிக் கீச்சிட்டதால் வீட்டிலேயே இருந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1953-ல், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் வென்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

1955-ல் சிட்ரோயன் டி.எஸ். காரில் டிஸ்க் பிரேக் சாதாரண வாடிக்கையாளர் கைக்கும் வந்தது. அந்தக் காரிலும் டிஸ்க் முன்சக்கரங்களில் மட்டுமே. பின்னால் டிரம்தான். ஆக, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற ஏற்பாட்டை நம் ஊர்க் கார் கம்பெனிகளின் கஞ்சத்தனம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. காசு மிச்சமாவது உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது.

ஆப்பும் இடுக்கியும்

டிரம் என்பது கவிழ்த்துவைத்த இரும்புச் சட்டி. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். உள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூ. பிரேக்கை மிதித்தால் வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் சட்டியின் உட்சுவரில் உரசும். டிஸ்க்கில் சட்டிக்குப் பதில் தட்டு. சைக்கிள் பிரேக்கின் ரப்பர் கட்டைகள் ரிம்மை இரு பக்கமும் பிடிப்பது போல, காலிபர் என்ற இடுக்கி இரண்டு பேடுகளால் தட்டை நெருக்கும்.

பார்க்க எளிய வேறுபாடுதான். விளைவு பெரிது. சுற்றும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கதவுக்கடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுமே, அதே வித்தை. நாம் கொடுக்கும் பலத்தை டிரம் தானே பெருக்கிக்கொள்கிறது. டிஸ்க்கில் இந்தச் சலுகை இல்லை. எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால்தான் டிஸ்க் உள்ள காரில் பெரிய பிஸ்டனும், மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பூஸ்டரும் தேவைப்படுகின்றன.

சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. சூட்டில் லைனிங்கின் பிடிப்பு கொஞ்சம் குறைந்தால், தானே இறுகும் தன்மையும் கூடவே குறையும், நஷ்டம் இரட்டிப்பாகும். டிஸ்க்கில் பிடிப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மட்டுமே நஷ்டம். டிரம் நல்ல நாளில் தாராளம், கெட்ட நாளில் கைவிரிப்பு. டிஸ்க் என்றைக்கும் ஒரே கணக்கு.

மூன்று லிட்டர் கொதிநீர்

மலை இறக்கத்தில் பிரேக்கின் வேலை வண்டியின் உயரத்தைச் சூடாக மாற்றுவது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், சுமார் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை முழுதாக நிறுத்துவதை நான்கு முறை தொடர்ந்து செய்தால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு. காற்றும் இன்ஜினும் எடுத்துக்கொண்டது போக மீதி எல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். நான் டாப் கியரில் போனதால் இன்ஜின் எடுத்துக்கொண்டது சொற்பம்.

இந்தச் சூட்டை இரண்டும் எப்படித் தாங்குகின்றன? டிரம்மில் உரசல் நடப்பது மூடிய சட்டிக்குள். சூடு இரும்பைக் கடந்து வெளிப்புறத்துக்கு வந்த பிறகே காற்றுக்குப் போக முடியும். டிஸ்க்கின் முகம் திறந்தே கிடக்கிறது. ஓடும் காற்று நேரே படும். முன்சக்கரத் தட்டுகள் பலவற்றில் நடுவே காற்று போக இடைவெளியும் உண்டு.

இன்னொன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 250 டிகிரி சூடேறினால் விட்டம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் விரியும். விரிவது ஷூவை விட்டு விலகும் திசையில். ஷூ அந்தத் தூரத்தையும் துரத்திப் போக வேண்டும்; பெடல் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். 10 மில்லிமீட்டர் கனமுள்ள டிஸ்க் அதே சூட்டில் 0.03 மில்லிமீட்டர்தான் தடிக்கும். அதுவும் பேடை நோக்கி. ஒன்று சூடேறினால் கையை விட்டு நழுவுகிறது. மற்றது கைக்குள்ளேயே நிற்கிறது. சூட்டைப் பொறுத்தவரை வெற்றி டிஸ்க்குக்குத்தான். இதில் வாதமே இல்லை.

பின்சக்கரம் எவ்வளவு சுமக்கிறது?

இதுவரை படித்தவர் டிஸ்க்கை மாட்ட ஸ்பேனரைத் தேடலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாம் மாற்றப்போவது பின்சக்கரத்தில்.

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது டிரைவர் சட்டென்று பிரேக் அடித்தால் எல்லோரும் முன்னால் சாய்கிறோம். காரின் எடையும் அப்படித்தான் முன்னால் சாயும். இன்ஜின் முன்னால் உள்ள சிறிய காரில், நிற்கும்போதே நூற்றுக்கு 60 பங்கு எடை முன்சக்கரங்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே இரண்டரை மீட்டர், எடை மையத்தின் உயரம் 55 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஓங்கி பிரேக் போடும்போது முன்பக்கப் பங்கு 78 ஆக ஏறுகிறது. பின்சக்கரங்களுக்கு மிஞ்சுவது 22. இறக்கத்தின் சரிவு அதிலும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும்.

எடை இல்லாத சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பும் இல்லை. பின்னால் எவ்வளவு பெரிய டிஸ்க் மாட்டினாலும், அந்த 22 பங்குக்கு மேல் கேட்டால் டயர் வழுக்கும். சிறிய காரின் பின் டிரம்மே அந்தச் சக்கரத்தைச் சுலபமாக லாக் செய்துவிடும். ஆகவே முதல் அவசர பிரேக்கில் வண்டி நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயரும் தார்ச்சாலையும்தான். டிரம்மா டிஸ்க்கா என்பது தொடர்ந்து போடும் ஐந்தாவது, ஆறாவது பிரேக்கில்தான் தலைகாட்டும். அங்கும் சூட்டின் பெரும்பங்கை வாங்குவது முன்சக்கரம்.

அன்று என் காரில் கைவிட்டது எது? பட்டறையில் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தபோது பதில் கிடைத்தது. மெக்கானிக் பின் டிரம்மை மரச்சுத்தியலால் தட்டிக் கழற்றினார். லைனிங் பாதிக்கு மேல் இருந்தது, சிலிண்டரில் கசிவில்லை, உள்ளே கொஞ்சம் கறுப்புத் தூள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும் என்பதால் அதை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார். முன் பேடு இரண்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தன. பிறகு மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைத் துணியின் நுனியை எண்ணெயில் நனைத்துக் காட்டினார். பில்டர் காபி டிகாக்‌ஷன் நிறம்.

“கடைசியா எப்பண்ணா ஆயில் மாத்துனீங்க?”

எனக்கு நினைவில்லை.

“டிரம்மு மேல பழியப் போடாதீங்க. முன்னாடிதான் ஆயில் கொதிச்சிருக்கு.”

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-ல் இவை 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சானதன் கதை அவ்வளவுதான். அது நடந்ததும் டிஸ்க் இருந்த பக்கத்தில். பின்னால் டிஸ்க் மாட்டியிருந்தாலும் அன்று முன்பக்க ஆயில் கொதித்தே இருக்கும்.

மழை, மண், கைப்பிரேக்

சூட்டைத் தவிர மற்ற கணக்குகளில் இரண்டும் மாறி மாறி ஜெயிக்கின்றன. மழைத் தண்ணீர் டிஸ்க்கில் பட்டால் சுழற்சியிலேயே சிதறிவிடும். தரைப்பாலத்தில் தேங்கிய தண்ணீரில் டிரம் முங்கினால் உள்ளே போன நீர் சுலபத்தில் வெளியேறாது. கரையேறியதும் நான்கைந்து முறை லேசாக மிதித்து உலர்த்திக்கொள்ள வேண்டும். மண்சாலையில் நிலைமை தலைகீழ். சட்டி மூடியிருப்பதால் புழுதியும் பொடிக்கல்லும் உள்ளே போவது குறைவு. டிஸ்க்கில் அவை பேடுக்கும் தட்டுக்கும் இடையே புகுந்து கோடு போடும்.

பராமரிப்பில் டிஸ்க் வெளிப்படை. சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தாலே பேடு தேய்ந்திருப்பது பல கார்களில் தெரிந்துவிடும். டிரம்மைக் கழற்றாமல் உள்நோய் தெரியாது. ஸ்பிரிங், அட்ஜஸ்டர் என்று உறுப்புகளும் அதிகம். ஆனால் சிறிய காரின் பின் லைனிங் தேய்வதற்குள் முன் பேடு சில செட் மாறிவிடும். கழற்றும் அவசியமே எப்போதாவதுதான்.

கைப்பிரேக்கில் டிரம் ராஜா. ஆப்பு போல இறுகும் குணத்தால் ஒரு கம்பியை இழுத்தாலே மேட்டில் வண்டி அசையாமல் நிற்கும். டிஸ்க்கில் இதற்கென்று காலிபருக்குள் தனி நெம்பு வேண்டும், அல்லது தட்டின் நடுவில் ஒரு குட்டி டிரம். டிஸ்க் வேண்டும் என்று போகிறவர் கைப்பிரேக்குக்காகத் திரும்பவும் டிரம்மிடமே வந்து நிற்கும் வேடிக்கை இது.

டிரம் செத்துவிட்டது என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஃபோக்ஸ்வாகன் தன் மின்சாரக் கார்களான ஐடி.3, ஐடி.4 இரண்டிலும் பின்சக்கரங்களுக்கு டிரம்மையே வைத்தது. மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடும். சும்மா கிடக்கும் டிஸ்க் துருவேறும். மூடிய சட்டிக்கு அந்தக் கவலை குறைவு.

மாற்றினால் எதெல்லாம் மாறும்

சரி, மாற்றித்தான் பார்ப்போம் என்றால்? பழைய சட்டியை எடுத்துவிட்டுப் புதிய தட்டை மாட்டும் வேலை மட்டும் இல்லை இது. பல சிறிய கார்களில் பின் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு, பேரிங் அதற்குள்ளேயே இருக்கும். ஆகவே ஹப், பேரிங், காலிபரைத் தாங்கும் பிராக்கெட், கைப்பிரேக் கேபிள், ரப்பர் குழாய், சக்கர வேக சென்சார் எல்லாம் மாற வேண்டும். 13 அங்குல ரிம் என்றால் காலிபர் உள்ளே அடங்குமா என்பதே சந்தேகம்.

இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது பிரேக்கின் சமநிலை. பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னால் லாக் ஆனால் வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும். முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் நேரே போய் முட்டும். வளைவில் சுழல்வதைவிட அது மேல். அதனால் கார் செய்பவர்கள் பின்பக்க எண்ணெய் அழுத்தத்தை வால்வு வைத்தோ, ஏ.பி.எஸ். கணினி வழியாகவோ குறைத்துவைப்பார்கள். அந்த அளவு டிரம்முக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தது. தானே பெருக்கிக்கொள்ளும் டிரம்முக்குக் குறைந்த அழுத்தம் போதும், டிஸ்க்குக்குப் போதாது. சிறிய காலிபர் மாட்டினால், டிஸ்க் பளபளக்கும், பின்பக்கம் முன்பைவிடக் குறைவாகப் பிடிக்கும். அளவுக்கு மீறிப் பெரியதை மாட்டினால் மழையில் பின்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகும். தொப்பூர் வளைவில் இந்த இரண்டில் எதையும் நான் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரின் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கலாம்.

மாற்றம் அர்த்தமுள்ளதாகும் இடங்களும் இல்லாமல் இல்லை. அதே காரின் மேல்ரகத்தில் கம்பெனியே பின் டிஸ்க் வைத்திருந்தால், அந்த ரகத்தின் உறுப்புகள் அனைத்தையும் அச்சிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் வரை முழுத் தொகுப்பாக எடுக்கலாம். சாதாரண பலேனோவில் பின் டிரம் இருக்க, 2017-ல் வந்த பலேனோ ஆர்.எஸ். நான்கு சக்கரத்திலும் டிஸ்க்கோடு வந்தது ஓர் உதாரணம். நான்கிலும் டிரம் உள்ள பழைய ஜீப், அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு டிஸ்க்கால் உண்மையான லாபம் உண்டு. அவர்களும் தொடங்க வேண்டியது முன்சக்கரத்தில்.

லாரியின் கணக்கு

தொப்பூர் கணவாயின் துயரங்கள் பெரும்பாலும் லாரிகளோடு சேர்ந்தவை. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றிவந்த லாரி கட்டுப்பாடு இழந்து பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று பாலத்தின் மேல் லாரிகளுக்கிடையே கார் நசுங்கித் தீப்பிடித்ததில் நான்கு உயிர்கள் போயின. அந்தக் காட்சியைக் கண்காணிப்புக் கேமரா பதிவில் நாடே பார்த்தது.

40 டன் வண்டி 100 மீட்டர் இறங்கினால் கொதிக்கும் தண்ணீரின் அளவு மூன்று லிட்டர் அல்ல, 125 லிட்டர். நம் லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு எல்லாச் சக்கரத்திலும் டிரம்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் சேர்ந்தால் அந்த 125 லிட்டரின் சூடு முழுவதும் லைனிங்கின் தலையில் விழும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் நின்றுபோகும். ஒவ்வொரு மிதியிலும் டாங்கியின் காற்று குறையும்.

இங்கே டிஸ்க் மாட்டினால் உதவும்தான். கியரில் இறங்கினால் அதைவிட உதவும். லாரியைச் செய்த கை கியர்பெட்டியையும் வைத்துத்தான் அனுப்பியது.

இரண்டு இறக்கங்கள்

தராசை நிறுத்திப் பார்த்தால், சூட்டிலும் ஈரத்திலும் பார்வைக்கு எட்டுவதிலும் டிஸ்க் மேல். புழுதியிலும் கைப்பிரேக்கிலும் செலவிலும் டிரம் மேல். டிஸ்க்கின் மிகப்பெரிய பலம் சூடு தாங்குவது. சிறிய காரின் பின்சக்கரத்துக்கு வரும் வேலையிலோ சூடு குறைவு. இந்த இடத்துக்கு இந்த வேலைக்கு டிரம் போதும்.

டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் நான் செய்தது: கார் புத்தகம் அனுமதிக்கும் டாட் 4 ஆயிலை நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து மாற்றினேன். முன் பேடுகள் புதிது. தேய்ந்த இரண்டு டயர் புதிது. பின் டிரம்மைத் துடைத்து, அட்ஜஸ்டருக்கு உரிய கிரீஸ் வைத்து மூடினார்கள். அப்புறமும் பணம் மிஞ்சியது.

அடுத்த வாரம் அதே ஐந்து பேர், ஏறக்குறைய அதே மூட்டைகள். சுங்கச்சாவடி தாண்டி இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்தேன். இன்ஜின் முனகியது, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார். பிரேக்கை மிதித்தால் உறுதியாக மிதித்தேன், உடனே விட்டேன். மேட்டூர் பிரிவில் நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோனேன், தொடாமல். முன்சக்கரங்களில் தோசைக்கல் அடுப்பில் ஏறிக் கொஞ்ச நேரமானது போல அனல். பின் டிரம்மின் பக்கத்தில் கை வைத்திருக்க முடிந்தது. வெயிலில் நின்ற வண்டியின் வெதுவெதுப்புதான்.

அந்த நெடி மட்டும் அன்றும் வந்தது. ஒரு லாரி எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.